ஆறு மணித்தியாலம்: கோயில் ஹோர்னுக்குக் கீழையா, கலியாண வீடியோவுக்கு முன்னாலையா?

#1 படலைக்காரன்

கேள்வி பகிடிக் கேள்விதான். விடை பகிடியாச் சொல்லக் கூடாது, கணக்கோட வாங்கோ.

ஒரு இரவு, 9 மணியிலை இருந்து 3 மணி மட்டும். ரண்டிலை ஒண்டு கட்டாயம்.

(அ) ஊர்க்கோயில் பூங்காவனத் திருவிழா. வெளிவீதியிலை கமுகமரத்திலை 6 மீற்றர் உயரத்திலை கட்டின ஹோர்ன் ஸ்பீக்கர். அதுக்கு நேர் கீழை ஒரு பிளாஸ்ரிக் கதிரை. கதிரையை அரக்க ஏலாது.

(ஆ) கனடாவிலை நடந்த கலியாணவீட்டு வீடியோ. பேர் ஓடுறதிலை இருந்து கடைசி நன்றி மட்டும், 6 மணித்தியாலம். மாப்பிள்ளையின்ரை பெரியம்மா பக்கத்துக் கதிரையிலை. ரிமோற் அவவின்ரை கையிலை.

நித்திரை கொள்ளக் கூடாது, போன் பாக்கக் கூடாது. காதுக்குள்ளை என்ன வைக்கலாம் எண்டதை நீங்களே கதைச்சு முடிவெடுங்கோ. "ரண்டும் வேண்டாம்" எண்டு வாறவை கச்சான் வாங்கிக்கொண்டு வீட்டை போகலாம்.

#2 பால்தேத்தண்ணி

(அ). இதிலை யோசிக்க என்ன கிடக்கு? கோயிலெண்டால் ஆரும் "என்ன, முகம் வாடிப் போச்சு" எண்டு கேக்க மாட்டினம். பெரியம்மாவுக்குப் பக்கத்திலை இருந்தால் முகத்துக்கும் வேலை.

#3 நூறுவோல்ற்

(அ)வைப் பற்றிச் சனம் நினைக்கிறது பிழை. "நேர் கீழை" எண்டதுதான் அந்த வீதியிலை இருக்கிற நல்ல இடங்களிலை ஒண்டு. கணக்கைப் பாருங்கோ.

கோயிலுக்குக் கட்டுற சாதாரண ஹோர்ன் 1 வோட் குடுத்தால் 1 மீற்றரிலை ஏறக்குறைய 108 டெசிபெல் தரும். உள்ளை சத்தம் எழுப்பிற யூனிற் 30 வோட். ஒண்டிலை இருந்து முப்பதுக்குப் போக 15 டெசிபெல் கூடும். ஆக 1 மீற்றரிலை 123. தூரம் ரண்டு மடங்காக ஒவ்வொரு தரமும் 6 குறையும். 5 மீற்றரிலை 109, 10 மீற்றரிலை 103, 20 மீற்றரிலை 97.

இது வாய்க்கு நேரை நிக்கிறவனுக்குரிய கணக்கு. ஹோர்ன் எண்டது ரோச் லைற் மாதிரி, பாக்கிற பக்கம்தான் அடிக்கும். வாய்க்கு 90 பாகை பக்கத்திலை, காதைக் குத்துற 2000 தொடக்கம் 4000 ஹேர்ட்ஸ் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபெல் குறைஞ்சுதான் வரும். கதிரையிலை இருக்கிற ஆளின்ரை காது நிலத்திலை இருந்து 1 மீற்றர், ஹோர்ன் 6 மீற்றர், இடைவெளி 5. அந்த 109இலை 15ஐக் கழியுங்கோ. 94.

வாய்க்கு நேரை 28 மீற்றர் தள்ளி ஐஸ்கிறீம் வானுக்குப் பக்கத்திலை நிக்கிறவனுக்கும் அதே 94தான். "நான் தூரத்திலைதானே நிக்கிறன்" எண்டு நினைச்சுக்கொண்டு 20 மீற்றரிலை கச்சான் கொறிக்கிறவர்தான் உண்மையிலை அடி வாங்கிறார்.

#4 கச்சான்கடை

நூறுவோல்ற் அண்ணை, கமுகமரத்திலை ஹோர்னை மட்டமாக் கட்டின ஆளை எங்கை கண்டனீங்கள்? 10, 15 பாகை குனிச்சுத்தான் கட்டுவினம். மேலை பாத்தால் சத்தம் பனைக்குத்தானே போகும். அதோட அந்த 15 டெசிபெல் கழிவு கிரீச்சிடுற சத்தத்துக்கு மட்டும்தான். 500 ஹேர்ட்ஸுக்குக் கிட்ட வந்தால் ஹோர்ன் எல்லாப் பக்கமும்தான் கத்தும்.

இன்னொண்டு. ஒரு மரத்திலை ஒரு ஹோர்ன் கட்டிப் பாத்திருக்கிறியளே? முதுகோட முதுகா ரண்டு. கிட்டத்தட்ட ஒரே சத்தம் ரண்டு சேர்ந்தால் 3 டெசிபெல் கூடும்.

#5 நூறுவோல்ற்

குனிவு சரி. 15 பாகை குனிச்சால் கீழை இருக்கிறவனுக்கு 90 பாகை 75 ஆகும், கழிவு கொஞ்சம் குறையும். ரண்டாவது ஹோர்னுக்கு 3ஐயும் கூட்டுங்கோ. ஆனால் நான் போட்டது 30 வோட்டும் முழுசா, இடைவிடாமல் போற கணக்கு. தேவாரமோ, மேளமோ, "வெள்ளைச் சட்டை போட்ட சிறுவன் ஒருவன் ஒலிபெருக்கி நிலையத்துக்கு அருகில்" எண்ட அறிவித்தலோ, எதுவும் முழு நேரமும் உச்சத்திலை நிக்காது. சராசரி உச்சத்திலை இருந்து 8 டெசிபெல்லாவது கீழை நிக்கும். நீங்கள் கூட்டினதைக் கூட்டி, அதைக் கழிச்சால் கீழ்க் கதிரைக்கு 86இலை இருந்து 90 வரும்.

இது ஒழுங்கா ஓட்டிற ஆளின்ரை கணக்கு. அம்பிளிபயரைக் கடைசி மட்டும் திருகினால் அலையின்ரை தலை வெட்டுப்படும். அப்ப உச்சத்துக்கும் சராசரிக்கும் இடையிலை உள்ள அந்த 8 சுருங்கி 3, 4 ஆகிவிடும். "கர்ர்" எண்டு கேக்கிறது அந்த வெட்டுத்தான். சத்தம் கூடினதாத் தெரியும், சொல்லு விளங்காது. ஆகவே விதியிலை ஒரு வரி சேருங்கோ: அம்பிளிபயர் திருகி ஆர் கையிலை?

#6 படலைக்காரன்

திருகி திருவிழா உபயகாரரின்ரை மருமோன் கையிலை.

#7 நூறுவோல்ற்

அப்ப யூனிற் இரவு 11 மணிக்கு முந்தியே எரியும், ஆறு மணித்தியாலம் இருக்கத் தேவையில்லை. பகிடி இல்லை, காரணம் சொல்லுறன்.

நூறு வோல்ற் லைனிலை (கன ஹோர்னை ஒரே கம்பியிலை கட்டுற முறை) ஒவ்வொரு ஹோர்னிலையும் ஒரு சின்ன ரான்ஸ்போமர் இருக்கும். அதிலை எந்த வோட்டிலை கட்டினதெண்டு கூட்டிப் பாக்க வேணும். 250 வோட் அம்பிளிபயருக்கு 30 வோட் ஹோர்ன் எட்டுக் கட்டினால் 240, கடதாசியிலை சரி. ஆனால் ஐஞ்சிலை ஒரு பங்கு கையிருப்பு விட வேணும். ஆறு கட்டினால் நல்லம், ஏழெண்டால் மட்டுமட்டு. பத்துக் கட்டினால் முதலிலை அம்பிளிபயர் கொதிக்கும், பிறகு தானா நிக்கும், பிறகு ஆராவது வந்து விசிறி பிடிப்பினம்.

யூனிற் எரியிறதுக்குக் கூடுதலான காரணம் சத்தம் இல்லை, தாழ்ந்த சத்தம். ஹோர்ன் 300 ஹேர்ட்ஸுக்குக் கீழை வேலை செய்யாது. அங்கை கூம்புக்குள்ளை இருக்கிற காத்து மென்தகட்டுக்கு எதிர்ச்சுமை குடுக்காது, தகடு வெறுமனே துள்ளும், துள்ளி வெடிக்கும். அம்பிளிபயரிலை தாழ்சத்தத் திருகியைப் பூச்சியத்துக்குக் கொண்டுபோய், வெட்டுவடிப்பு (தாழ்சத்தத்தை வெட்டுற வடிகட்டி) இருந்தால் 250இலையோ 300இலையோ போட வேணும். மருமோன்மார் நேர்மாறாச் செய்வினம். மேளம் "கும்" எண்டு வர வேணுமாம்.

#8 தொப்பியும்வலந்தலையும்

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். (அ)வைத் தேர்ந்தெடுப்பவர்கள் "இரவு முழுக்க மேளம் கேட்கலாமே" என்று ஆறுதல் சொல்கிறார்கள். ஹோர்னுக்குக் கீழே இருந்தால் நீங்கள் கேட்பது பாதித் தவில்.

தவிலுக்கு இரண்டு முகம். வலந்தலையில் கூடு போட்ட விரல்கள், தொப்பியில் கழி. கூட்டு விரலின் சொற்கள் மேல்சுருதி, ஹோர்ன் அவற்றை நன்றாகவே எடுத்துக்கொண்டு வரும். தொப்பியின் ஆழமான ஓசை அண்ணை சொன்ன அந்த 300 ஹேர்ட்ஸுக்குக் கீழேதான் பெரும்பாலும் கிடக்கிறது. அது வராது. கழி தோலில் விழும் "டக்" மட்டும் வரும். கேட்பவருக்கு யாரோ பலகையில் ஆணி அடிப்பதுபோல இருக்கும். பிறகு "தவில் என்றாலே தலையிடி" என்பார். தலையிடி தவிலுடையதல்ல.

நாதஸ்வரத்துக்கு ஒலிவாங்கியை அணைசின் வாய்க்கு நேரே ஒரு சாண் தூரத்தில் வைப்பதும் பெரிய பிழை. திறந்த வெளியில் ஒலிவாங்கியே இல்லாமல் வீதி முழுக்கக் கேட்பதற்கென்று உண்டான வாத்தியம் அது. வைத்தே ஆகவேண்டுமென்றால் ஒரு மீற்றர் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில். இல்லையென்றால் ஒவ்வொரு பிருகாவும் வெட்டுப்பட்டுத்தான் வெளியே வரும்.

ஆகவே என் வாக்கு (அ)வுக்கு, ஒரு நிபந்தனையோடு: நடுச்சாமத்துச் சமாவுக்கு (நாதஸ்வர, தவில் கச்சேரிக்கு) மட்டும் கதிரையை மேளக்காரரின் பாய்க்கு மூன்று மீற்றர் கிட்டே கொண்டுபோக விடவேண்டும்.

#9 படலைக்காரன்

நிபந்தனை தள்ளுபடி. பிறகு அது தண்டனை இல்லையே ஐயா, வரமெல்லோ.

#10 காதுக்குள்ளான்

காதுப் பக்கத்தைப் பார்ப்போம். அமெரிக்காவின் நியோஷ் என்ற வேலைத்தலப் பாதுகாப்பு அமைப்பின் பரிந்துரை 85 டெசிபெல்லுக்கு 8 மணித்தியாலம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88இல் 4 மணித்தியாலம், 91இல் 2, 94இல் ஒன்று, 97இல் அரை, 100இல் கால் மணித்தியாலம்.

நூறுவோல்ற் சொன்ன 86 என்றால் ஆறேகால் மணித்தியாலத்துக்குச் சற்று மேல் தாங்கும். உங்கள் ஆறு மணித்தியாலம் மயிரிழையில் உள்ளே நிற்கிறது. 90 என்றால் இரண்டரை மணித்தியாலத்தில் அளவு முடிந்துவிடும். 20 மீற்றரில் வாய்க்கு நேரே நிற்பவருக்குச் சராசரி 89, அவருக்கு மூன்று மணித்தியாலம் பத்து நிமிடம்.

காதடைப்பான் பற்றி. பஞ்சை உருட்டி வைப்பது ஏறக்குறைய வீண், 10 டெசிபெல்கூடக் குறையாது. எண்ணெயில் நனைத்த பஞ்சு அதைவிட மோசம், சத்தமும் நிற்காது, காதுக்குள் ஊறிப்போய் வேறு பிரச்சினை வரும். மருந்துக் கடையில் விற்கும் நுரை அடைப்பான்தான் சரி. அதையும் பலர் பிழையாகத்தான் வைக்கிறார்கள். விரல்களால் ஒல்லியாக உருட்டி, மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதின் மேல்மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு, 20 தொடக்கம் 30 விநாடி விரலால் பிடிக்கவேண்டும். பிடிக்காமல் விட்டால் அது விரிந்து வெளியே வந்துவிடும். முன்னால் நிற்பவருக்கு அடைப்பானின் பெரும்பகுதி தெரிந்தால் வைத்தது பிழை.

பெட்டியில் 30 என்று போட்டிருந்தால் 15 என்று எடுத்துக்கொள்ளுங்கள். 90இல் 15 போனால் 75. அப்போது ஆறு மணித்தியாலம் ஒரு பொருட்டல்ல.

#11 பால்தேத்தண்ணி

அடைப்பான் விடுறதெண்டால் (அ) சும்மா வெண்டு போகும். விடக் கூடாது. இல்லாட்டி (ஆ)வுக்கும் கண்ணைக் கட்ட விடுங்கோ.

#12 வெட்டொட்டு

(ஆ)வைப் பற்றி ஒருத்தரும் வடிவாக் கதைக்கேல்லை. ஆறு மணித்தியாலம் எண்டது எங்கையிருந்து வருதெண்டு விளங்கினால்தான் அதைத் தாங்கலாமோ எண்டு சொல்லலாம். யாழ்ப்பாணத்து முறைப்படி நடந்த கலியாணம், மண்டபம் மட்டும் கனடா. எடிற் பண்ணிற மேசையிலை இப்பிடித்தான் பிரியும்:

பேரும் வெளிப்புறப் பாட்டுகளும் 40 நிமிசம். பொன்னுருக்கு 20. மாப்பிள்ளைக்குப் பால் அறுகு வைச்சுத் தோய வாக்கிறது 15. மாப்பிள்ளை அழைப்பு 25. மணவறைக் கிரியை 90. தாலி 8. ஆசீர்வாதமும் படமெடுப்பும் 100. சாப்பாடு 20. பின்னேர வரவேற்பு 42. கூட்டிப் பாருங்கோ, 360.

இதிலை உண்மையா நடந்த நேரம் எவ்வளவு, இழுத்த நேரம் எவ்வளவு? இழுவை முழுக்கப் பாட்டாலை வாறது. பொம்பிளை காராலை இறங்கி மண்டப வாசலுக்கு வர 40 விநாடி. போட எடுத்த பாட்டோ நாலரை நிமிசம். பாட்டை நடுவிலை வெட்டினால் வீட்டுக்காரர் கோவிப்பினம். அதாலை விநாடிக்கு 120 படம் எடுத்ததை 30இலை ஓட விடுறது. நாலு மடங்கு. 40 விநாடி 2 நிமிசம் 40 விநாடி ஆச்சு. மிச்சத்துக்குச் செருப்பு, மோதிரம், பூக்கொத்து, திரும்பவும் செருப்பு.

கொஞ்சம் பழைய வேலையெண்டால் 30இலை எடுத்ததையே நாலு மடங்கு இழுத்திருப்பினம். அப்ப ஒரே படம் நாலு தரம் நிக்கும், பொம்பிளை நடக்க மாட்டா, இடறுவா. அதை ஆறு மணித்தியாலம் பாத்தால் கண்ணுக்கு முந்தி கழுத்து நோகும், காரணம் கேக்காதையுங்கோ.

ஆசீர்வாதத்துக்கு வருவம். 300 பேர், ஆளுக்கு 20 விநாடி: அரிசி போட, என்வலப் குடுக்க, கமராவைப் பாக்க, "இஞ்சாலை பாருங்கோ" எண்டு திரும்பவும் பாக்க. 6000 விநாடி, 100 நிமிசம். இதை வெட்ட ஏலாது. வெட்டினால் வெட்டுப்பட்ட ஆள் ஆரெண்டு கண்டுபிடிச்சு ரெலிபோன் வரும். ஒரு எடிற்றர் கை வைக்கப் பயப்பிடுற பகுதி இதுதான், தாலியும் இல்லை, கிரியையும் இல்லை.

#13 கச்சான்கடை

அப்ப அந்த 90 நிமிசக் கிரியை?

#14 வெட்டொட்டு

அது நீங்கள் நினைக்கிற அளவுக்கு மோசமில்லை. அதுக்குள்ளை ஒரு புதையல் கிடக்கு. கூறைச் சீலையை வாங்கிக்கொண்டு பொம்பிளை மாத்தப் போவா. திரும்பி வர 20 நிமிசமாவது செல்லும். அந்த நேரம் கமராக்காரனுக்கு மணவறையிலை எடுக்க ஒண்டுமில்லை, மாப்பிள்ளை மட்டும் தனிய இருப்பார். அப்பதான் கமராவைச் சனத்துக்கு மேலை சுத்துவான். கொட்டாவி விடுறவர், வடை கட்டுறவர், ஒருத்தரை ஒருத்தர் காணாத மாதிரி இருக்கிற ரண்டு பெரியப்பாமார், எல்லாம் அதுக்குள்ளைதான். முழு வீடியோவிலையும் இழுக்காத, பாட்டுக்கு வெட்டாத 20 நிமிசம் அது ஒண்டுதான். எடிற்றர்மாரும் அதிலை கை வைக்கிறது குறைவு, அந்த நேரம் தேத்தண்ணிக்குப் போயிடுவினம்.

#15 பால்தேத்தண்ணி

வீடியோவின்ரை நீளம் 6 மணித்தியாலம், சரி. இருக்கிற நேரம் 6 இல்லை. ரிமோற் பெரியம்மாவின்ரை கையிலை எண்டதை ஒருத்தரும் கணக்கிலை எடுக்கேல்லை.

அவ ஒவ்வொரு முக்கியமான ஆளுக்கும் நிப்பாட்டுவா. "இவர் ஆர் தெரியுமே? எங்கடை சின்னையாவின்ரை இளைய மோளைக் கட்டினவர், முந்தி கொக்குவிலிலை இருந்தவை." ஒரு நிப்பாட்டலுக்கு ரண்டு நிமிசம். ஆசீர்வாதத்துக்குள்ளை மட்டும் பத்துக்குக் குறையாது, முழுக்க இருவது வையுங்கோ. 40 நிமிசம். 3 மணிக்கு முடியாது, 3.40.

நிப்பாட்டலைக் குறைக்கிற வழி இருக்கு. "இது ஆர்?" எண்டு வாய் திறக்கவே கூடாது, அது மட்டும் போதாது. சும்மா இருந்தால் "உனக்கு இவையைத் தெரியாதோ" எண்டு அவவே தொடங்குவா. ஆள் திரையிலை வர ஒரு விநாடி முந்தி "ஓம் ஓம், சின்னையாவின்ரை பக்கமெல்லே" எண்டு சொல்ல வேணும். பிழையாச் சொன்னாலும் பறவாயில்லை எண்டு நினைக்காதையுங்கோ, பிழையாச் சொன்னால் நாலு நிமிசம்.

சீலை, நகை பற்றி ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கா நல்ல வார்த்தை போதும். கூடச் சொன்னால் எழும்பிப்போய்க் கூறைப் பெட்டியைக் கொண்டுவருவா. தேத்தண்ணி ரண்டாவதோட நிறுத்துங்கோ. மூண்டாவது வாங்கினால் பலகாரத்தட்டு வரும், பயத்தம் பணியாரம் வாயிலை இருக்கேக்கை "ஓம் சின்னையாவின்ரை பக்கம்" சொல்ல ஏலாது.

#16 நூறுவோல்ற்

தங்கச்சி, உதுக்கு ஒரு தனி இழை திறக்கலாம்.

#17 ஏ9சன்னல்சீற்

மூண்டாவது தெரிவு ஒண்டு போடலாமோ? கொழும்பு இரவு பஸ். ஏறக்குறைய 400 கிலோமீற்றர், ட்றைவருக்குப் பின்சீற், தலைக்கு மேலை ஸ்பீக்கர்.

#18 படலைக்காரன்

இல்லை. பஸ்ஸாலை ஒரு இடத்துக்குப் போய்ச் சேரலாம். (அ)விலையும் (ஆ)விலையும் அது கிடையாது.

#19 கச்சான்கடை

சட்டத்தையும் பாக்க வேணும். 2007இலை இலங்கை உயர் நீதிமன்றம் ஒலிபெருக்கிச் சத்தம் பற்றிக் குடுத்த தீர்ப்பிலை இரவு 10 மணிக்கும் காலமை 6 மணிக்கும் இடையிலை அனுமதி குடுக்கக் கூடாதெண்டு கிடக்கு. விசேட சமய நிகழ்ச்சிக்கு விலக்கு உண்டு, ஆனால் அயலிலை இருக்கிறவையின்ரை கருத்தையும் கேட்டுத்தான் பொலிஸ் அனுமதி குடுக்கலாம். அனுமதிக் கடிதம் இல்லாட்டி (அ) ஒரு மணித்தியாலத்திலை முடிஞ்சுபோம். 9இலை இருந்து 10 மட்டும் ஹோர்ன், பிறகு சும்மா நிலா பாக்கலாம். இந்த ஓட்டையாலை நான் (அ).

#20 படலைக்காரன்

அனுமதி எடுத்தாச்சு. அயலிலை ஒருத்தரும் மறுப்புச் சொல்லேல்லை, உபயகாரர் அயலிலைதான் இருக்கிறார்.

#21 நூறுவோல்ற்

அயல் எண்டது எவ்வளவு தூரம் எண்டதும் ஒரு கேள்விதான். பகலிலை நிலத்துக்குக் கிட்ட உள்ள காத்து சூடு, சத்தம் மேல்நோக்கி வளைஞ்சு போயிடும். இரவிலை நிலம் குளிர, மேலை உள்ள காத்து சூடா நிக்கும், சத்தம் கீழ்நோக்கி வளையும். எங்கடை இடம் மேசை மாதிரித் தட்டை, மறிக்க மலையும் இல்லை. சாமம் 2 மணிக்கு ஒரு கிலோமீற்றருக்கு அங்காலை படுத்திருக்கிறவனுக்கும் சொல்லுச் சொல்லா விளங்கிறது அதாலைதான்.

இன்னொரு கரைச்சல். 100 மீற்றருக்கு ஒரு ஹோர்ன் கட்டினால், தூரத்து ஹோர்னின்ரை சத்தம் 0.3 விநாடி பிந்தி வரும். 17 மீற்றருக்கு மேலை வித்தியாசம் வந்தாலே காது அதை எதிரொலியாத் தனியப் பிரிச்சுக் கேக்கத் தொடங்கும். ரண்டுக்கும் இடையிலை, சரி நடுவை விட்டு விலகி நிக்கிறவனுக்கு ஒவ்வொரு அறிவித்தலும் ரண்டு தரம். நேர் கீழை இருக்கிறவனுக்கு இந்தப் பிரச்சினையும் இல்லை, அவன்ரை ஹோர்ன் மற்றதை மூடிப்போடும். நான் இன்னும் (அ)தான்.

#22 வெட்டொட்டு

நான் (ஆ). ஒரு காரணம்தான்: அது ஓடாமலே போக நல்ல வாய்ப்பு இருக்கு.

கனடாவிலை இருந்து எப்பிடி வந்தது? பழைய டிவிடி எண்டால் அது என்.ரி.எஸ்.சி., இஞ்சை ரீவி முறை பால். குடிக்கிற பால் இல்லை. புது ரீவியும் பிளேயரும் ரண்டையும் காட்டும், பழசு கறுப்பு வெள்ளையாக் காட்டும், இல்லாட்டிப் படம் மேலை கீழை உருளும். ஆராவது விநாடிக்கு 30 படத்தை 25 படத்துக்கு மாத்திக் குடுத்திருந்தால் ஆறிலை ஒரு படம் விழுந்திருக்கும், கமரா பக்கவாட்டிலை திரும்பேக்கை எல்லாம் ஒரு தத்தல்.

ஆறு மணித்தியாலத்துக்கு மூண்டு தட்டாவது வேணும். 4.7 ஜிபி தட்டு ஒண்டிலையே அடைச்சிருந்தால் விநாடிக்கு 1.7 மெகாபிற்தான் மிஞ்சும். ஓமப்புகை வாற இடமெல்லாம் சதுரம் சதுரமா உடையும். புகையும் தண்ணியும் பூமழையும்தான் சுருக்கிறதுக்குக் கஷ்டமான சாமான், கலியாணத்திலை மூண்டும் இருக்கு.

பென்டிரைவிலை வந்திருந்தால்? ஃபாற்-32 முறையிலை போர்மற் பண்ணினதெண்டால் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேலை ஏறாது. விநாடிக்கு 8 மெகாபிற் வீடியோ 71 நிமிசத்திலை அந்த எல்லையைத் தொடும். அப்ப ஐஞ்சாறு துண்டா வெட்டித்தான் போட வேணும், ஒவ்வொரு துண்டு முடியவும் ரீவி நிக்கும், பெரியம்மா கண்ணாடி தேடுவா. எச்.265 எண்ட புதுச் சுருக்க முறையிலை வந்திருந்தால் பழைய ரீவியிலை பாட்டு மட்டும் கேக்கும், படம் கறுப்பு. அப்ப ஆறு மணித்தியாலம் இருட்டைப் பாத்துக்கொண்டு மேளம் கேக்கலாம்.

#23 தொப்பியும்வலந்தலையும்

அதுவும் ரீவியின் அடியில் இருக்கும் உள்ளங்கை அளவு ஸ்பீக்கரில். தொப்பி அங்கேயும் வராது.

#24 காதுக்குள்ளான்

கண்ணுக்கும் ஒரு வரி. 43 அங்குல ரீவிக்கு 1.6 மீற்றருக்குக் கிட்ட இருக்கவேண்டாம், இரண்டரை மீற்றர் நல்லது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 6 மீற்றர் தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள். முற்றத்து வாழைமரம் போதும். பெரியம்மா பார்க்காத நேரம் பார்த்துப் பார்க்கவும்.

#25 படலைக்காரன்

இப்ப வாக்கு (அ) நாலு, (ஆ) ஒண்டு. காதுக்குள்ளான் ஒண்டும் போடேல்லை. இவ்வளவு லேசா விடப் போறதில்லை. ஒரு திருத்தம் போடுறன்: பெரியம்மாவின்ரை வீடு அதே கோயில் வீதியிலைதான். விறாந்தை யன்னல் அந்த ஹோர்னின்ரை வாய்க்கு நேரை, 30 மீற்றரிலை.

#26 நூறுவோல்ற்

அட கோதாரி.

30 மீற்றரிலை உச்சம் 93, சராசரி 85. யன்னல் திறந்து கிடந்தால் உள்ளை 70க்குக் குறையாது. மனிசர் பக்கத்திலை இருந்து கதைக்கிறதே 60தான். வீடியோவைக் கேக்க வேணுமெண்டால் ரீவியை 80க்கு ஏத்த வேணும். யன்னலைச் சாத்தினால் 60க்குக் கொஞ்சம் மேலை நிக்கும், ஆனால் சுவரிலை மேலை விட்டிருக்கிற காத்தோட்டக் கல்லைச் சாத்த ஏலாது, அதாலை பாதி உள்ளை வரும். ஆவணி மாசம் யன்னலைச் சாத்திப்போட்டு ஆறு மணித்தியாலம் இருக்கிறதைப் பற்றி நான் கதைக்கேல்லை.

இப்ப (ஆ)வை எடுத்தால் (அ)வும் இலவசம்.

#27 பால்தேத்தண்ணி

ரீவிச் சத்தத்தை நிப்பாட்டிப்போட்டுப் பாக்கிறது. பெரியம்மா கதைக்கிறதும் கேக்காது. நிப்பாட்டல் பாதியாக் குறையும். நான் (ஆ)வுக்கு மாறுறன்.

#28 தொப்பியும்வலந்தலையும்

ஒரு நிமிடம். படத்துக்கு மேளம் வெளியிலிருந்து நேரடியாக வருமானால், தாலிகட்டுக் காட்சிக்குச் சமாவின் உச்சம் வந்து விழும்படி செய்யலாமே? சமா 12 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். வீடியோவில் தாலி எத்தனையாவது நிமிடம்?

#29 வெட்டொட்டு

40, 20, 15, 25, 90. ஆக 190ஆவது நிமிசம். நிப்பாட்டாமல் ஓடினால் 8.50க்குப் போட வேணும்.

#30 பால்தேத்தண்ணி

நிப்பாட்டாமல் ஓடாது. ஆசீர்வாதம் தாலிக்குப் பிறகு எண்டதாலை அதுக்கு முந்தி ஒன்பதுதான் வரும், கூடுதலும் மாப்பிள்ளை அழைப்பிலை. 18 நிமிசம். 8.32க்குப் போடுங்கோ.

#31 படலைக்காரன்

விதியிலை 9 மணியெண்டு கிடக்கு. சரி, 8.32. கதிரை ஆறு போட்டுவைக்கிறன்.